ஹாமர் டிரில்லா, ரோட்டரி ஹாமரா? பிட் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

தங்கச்சி பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் புது ஃபிளாட்டுக்குக் குடிபோன மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் பண்ணினாள். "அண்ணா, டிரில் அரை மணி நேரமா ஓடுது, நகத்தளவுகூட உள்ள போகல, மெஷின் கெட்டுப்போச்சா?" வீடியோ காலில் காட்டச் சொன்னேன். சன்னலுக்கு மேலே சுவரில் பொட்டு வைத்த மாதிரி ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கறுப்பு வளையம். டிரில்லின் முன்னால் மாட்டும் துளைக்கம்பியான பிட்டின் நுனி நீலம் பாய்ந்திருந்தது, முனையில் கூராக நிற்க வேண்டிய சின்ன வெட்டுத்துண்டு மழுங்கி உருண்டையாகிவிட்டது. மெஷின் கெடவில்லை. மாப்பிள்ளை விசாரித்து வாங்கிய 500 வாட் ஹாமர் டிரில்தான், அதில் ஒரு குறையும் கிடையாது. சுவர்தான் வேறு. அந்தக் கட்டடத்தில் வெளிச்சுவரும் உள்சுவரும் கூரையும் எல்லாமே அலுமினியப் பலகை கட்டி ஒன்றாக ஊற்றிய கான்கிரீட், பில்டர்கள் மிவான் என்பார்களே, அந்த வகை. மருந்துக்குக்கூடச் செங்கல் கிடையாது.

வீட்டு வேலைக்கு எந்த டிரில், எந்த பிட் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோருமே வாட்டிலும் பிராண்டிலும்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் பிட்டின் வாலிலிருந்து, அதாவது மெஷினுக்குள் போகும் பின்முனையிலிருந்து, ஆரம்பிக்கச் சொல்வேன். வால் வழவழவென்று உருண்டையாக இருந்தால் அது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை வைத்த சக்கில் மாட்டுவது, அதற்கு ஹாமர் டிரில். வாலில் நீளவாக்கில் காடி வெட்டியிருந்தால் அது எஸ்.டி.எஸ். பிளஸ், அதற்கு ரோட்டரி ஹாமர். ஒன்றின் பிட்டை மற்றதில் மாட்ட முடியாது. அதனால் இன்றைக்கு நீங்கள் எந்த மெஷினை வாங்குகிறீர்களோ, இனி வாங்கப்போகும் அத்தனை பிட்டும் அந்த வாலில்தான் இருக்கும். கடையில் போய் "ஹாமர் மெஷின் கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்து வைப்பார்கள், இரண்டையுமே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே பெயரைக் கேட்காமல் சக்கைப் பாருங்கள்.

இரண்டும் அடிக்கின்றன, ஆனால் அடிக்கும் விதம் முழுக்க வேறு. ஹாமர் டிரில்லுக்குள் சுத்தியல் என்று எதுவும் கிடையாது. பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றும், பல் பல்லின்மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் சக் மயிரிழை அளவு முன்னும் பின்னும் துள்ளும். நிமிடத்துக்கு 40,000 தடவைகூடத் துள்ளும், சத்தம் காதைக் கிழிக்கும், ஆனால் ஒவ்வொரு துள்ளலிலும் இருக்கும் பலம் ரொம்பச் சின்னது. அதுவும் நீங்கள் பின்னாலிருந்து தோள் கொடுத்து அழுத்தினால்தான் அந்தப் பற்கள் சேரும், கை தளர்ந்தால் அடியும் தளர்ந்துவிடும். தங்கச்சி வீட்டுக்காரர் அன்றைக்கு ஸ்டூல்மேல் நின்று அரை மணி நேரம் அழுத்தியதில் இரண்டு நாள் தோளைத் தூக்க முடியாமல் கிடந்தார்.

ரோட்டரி ஹாமரில் மோட்டார் ஒரு பிஸ்டனை ஓட்டுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்திருப்பீர்கள், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கைப்பிடியைத் திருப்பித் தள்ளும். அதே மாதிரி பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்றுதான் ஓர் இரும்புக் கட்டையை எறிந்து பிட்டின் பின்மண்டையில் அறைகிறது. நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான் விழும். ஆனால் வீட்டுக்கு வாங்கும் சின்ன மெஷினிலேயே ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய 2 ஜூல், அதாவது ஒரு கிலோ படிக்கல்லை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் விழும் அடி. அதை நொடிக்கு எழுபது, எண்பது தடவை அடித்தால் கான்கிரீட் பொடியாகாமல் என்ன செய்யும்? இதில் உங்கள் தோளுக்கு வேலையே இல்லை, மெஷின் பின்னால் துள்ளிவிடாதபடி பிடித்துக்கொண்டால் போதும். அளவுக்கு மீறி அழுத்தினால் துளை போடும் வேகம் குறையத்தான் செய்யும்.

பிட் பிடித்திருக்கும் விதமும் இதோடு சேர்ந்தது. மூன்று தாடை சக் பிட்டை இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் ஒவ்வொரு துள்ளலுக்கும் சக், அச்சு, பிட் எல்லாமே சேர்ந்து ஆட வேண்டியிருக்கிறது, அடியில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடும், அதிர்வில் தாடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். பாஷ் கம்பெனி 1975-ல் எஸ்.டி.எஸ். வாலைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். அதில் பிட்டை யாரும் இறுக்குவதில்லை. 10 மில்லிமீட்டர் தடிமனான வாலில் நான்கு காடிகள் இருக்கும். இரண்டு காடி பின்பக்கம் வரை திறந்திருக்கும், மெஷின் பிட்டைச் சுழற்றுவது அந்த இரண்டின் வழியாக. மற்ற இரண்டும் இரு முனையும் மூடியவை, அவற்றில் எஃகுக் குண்டு உட்கார்ந்து பிட் வெளியே விழாமல் தடுக்கும். நடுவில் பிட் ஒரு சென்டிமீட்டர் போல முன்னும் பின்னும் தாராளமாக நகரும். அடி முழுவதும் பிட்டுக்கே போகிறது. புதிதாக வாங்கியவர்கள் "பிட் ஆடுது, லூசா இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆடத்தான் வேண்டும்.

அப்படியென்றால் எல்லோரும் ரோட்டரி ஹாமரே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அங்கேதான் சுவர் வருகிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவரில் ரோட்டரி ஹாமரை வைத்து அடித்தால் மறுபக்கத்துப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். நாட்டுச் செங்கல்லாக இருந்தால் 6 மில்லிமீட்டர் துளை எட்டு, ஒன்பது மில்லிமீட்டருக்கு அகன்று, ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் உள்ளே தொளதொளவென்று சுற்றும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில், செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், இந்த மெஷினை எடுத்துக்கொண்டு கிட்டப் போவதே தப்பு. மெஷினும் கனம், விலையும் பொதுவாக ஹாமர் டிரில்லைப் போல இரண்டு மூன்று மடங்கு. மரத்தில், இரும்பில் துளை போட வேண்டுமென்றால் தனியாக ஒரு சக் வாங்கி மாட்ட வேண்டும். ஹாமர் டிரில்லில் அடியை நிறுத்திவிட்டு மர பிட்டை மாட்டினால் கதவுத் தாழ்ப்பாளும் போடலாம், பீரோ கைப்பிடியும் மாட்டலாம்.

உங்கள் சுவர் எது என்று கண்டுபிடிக்க ஒரு துளை போதும். பூச்சைத் தாண்டியதும் வெளியே வரும் பொடியைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், கவலையே இல்லை. வெளிர் சாம்பலாகச் சுலபமாக உதிர்ந்துகொண்டே வந்தால் ஃபிளை ஆஷ் செங்கல் அல்லது சிமெண்ட் பிளாக். வெள்ளையாக மாவு மாதிரி வந்து பிட் வெண்ணெயில் போவது போலப் போனால் ஏ.ஏ.சி. பிளாக், காற்றுக்குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கட்டி. கரும்சாம்பல் பொடி கொஞ்சமாக வருகிறது, பிட் கீச்சென்று கத்துகிறது, பத்து நொடியில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை என்றால் கான்கிரீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

செங்கல் வீட்டுக்காரர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், இதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் டிரில்லை முதலில் எடுப்பது எதற்கு? திரைச்சீலைக் கம்பி மாட்டத்தான். அது எங்கே வரும்? சன்னலுக்கு மேலே. அங்கே என்ன இருக்கிறது? லிண்டல், சன்னல் திறப்பின்மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டம். சுத்தமான கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி. வீடு முழுக்கச் செங்கல்லாக இருந்தாலும் திரைச்சீலைக் கிளாம்ப் வரும் இடம் மட்டும் கான்கிரீட், பல வீடுகளில் லிண்டலைச் சன்னலோடு நிறுத்தாமல் சுவர் முழுக்கச் சுற்றியே ஓட்டியிருப்பார்கள். அதனால்தான் காலண்டர் ஆணிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நன்றாக வேலை செய்த டிரில் சன்னலுக்கு மேலே போனதும் முரண்டு பிடிக்கிறது. லிண்டல் பெரும்பாலும் ஆறு அங்குல உயரம்தான், சன்னல் திறப்புக்கு மேல் விளிம்பிலிருந்து எட்டு அங்குலம் தள்ளிக் கிளாம்பை வைத்தால் பல வீடுகளில் செங்கல் கிடைத்துவிடும். திரையும் கொஞ்சம் உயரத்திலிருந்து விழும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். உயரம் பற்றாது, லிண்டலில்தான் போட்டாக வேண்டும் என்றால், நாலு துளைக்காக ரோட்டரி வாங்க வேண்டாம். பல ஊர்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, இல்லையென்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலை.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செங்கல், ஃபிளை ஆஷ், பிளாக் சுவர் உள்ள வீடு என்றால் 500, 600 வாட்டில் வேகம் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஹாமர் டிரில். சுவர் முழுவதும் கான்கிரீட் என்றால் 20 முதல் 26 மில்லிமீட்டர் வரை துளைக்கும் எஸ்.டி.எஸ். பிளஸ் ரோட்டரி ஹாமர், அதில் ஹாமர் டிரில்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 800 வாட் என்றாலும் வேண்டாம். வாட் கூடினால் சுற்றும் பலம் கூடும், அடி கனக்காது. பேட்டரி மெஷின் கையில் இருப்பவர்கள் கேட்பார்கள், 12 வோல்ட் ஹாமர் வகை செங்கல்லுக்குத் தாங்கும், கான்கிரீட்டில் பேட்டரிதான் தீரும்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள், ரோட்டரியில் சக் அடாப்டர் மாட்டி, கையில் இருக்கும் உருண்டை வால் பிட்டையே போட்டுக் கான்கிரீட்டை அடிக்கலாம் என்று. அந்த அடாப்டர் அடியை நிறுத்திவிட்டு மரம், இரும்பு துளைப்பதற்காக வந்தது. அடியோடு ஓட்டினால் முதலில் தாடை தளரும், பிட் வழுக்கும், பிறகு அடாப்டர் சக்கே உள்ளே நசுங்கிவிடும். எஸ்.டி.எஸ். பிட்டைச் சாதாரண சக்கில் இறுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. மூன்று தாடைக்கு நாலு காடி எப்படிப் பொருந்தும்? தாடை காடியின் விளிம்பில் உட்காரும், பிட் நேராக நிற்காது, சுற்றும்போது நுனி வட்டம் போடும்.

சரி, மாட்டும் விதத்துக்கு வருகிறேன். பிட்டை யாராவது ஒழுங்காக மாட்டிக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆனால் மெஷினோடு வரும் தாளில் நாலு படம் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

சாதாரண சக்கில், முதலில் மெஷினின் கரண்ட் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்குங்கள். தாடைகளைப் பிட் வாலைவிடக் கொஞ்சம் அகலமாகத் திறந்து, பிட்டை அடி தட்டும் வரை உள்ளே விட்டு, ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கையால் சக்கைச் சுற்றி மூடும்போது பிட்டை விரலால் லேசாகச் சுழற்றிக்கொண்டே மூடினால் அது மூன்று தாடைக்கும் நட்டநடுவில் வந்து நிற்கும். 5, 6 மில்லிமீட்டர் பிட்டில்தான் அதிகம் தப்பு நடக்கும், பிட் இரண்டு தாடைக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்ளும், பார்வைக்கு இறுகின மாதிரியே தெரியும். பிறகு சக் சாவி. சக்கைச் சுற்றி மூன்று ஓட்டை இருக்கும், எல்லோரும் கைக்கு எட்டிய ஒன்றில் மட்டும் சாவியை விட்டு மூச்சுப் பிடித்துத் திருகுகிறார்கள். மூன்றிலும் ஒவ்வொன்றாக விட்டு இறுக்க வேண்டும், இரண்டாவது ஓட்டையில் சாவி இன்னும் கால் சுற்றுப் போவதை நீங்களே பார்க்கலாம். சாவியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் கரண்ட் பிளக்கைச் செருக வேண்டும், சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சை அழுத்தினால் அது பறக்கும். கடைசியாக ஒரு நொடி வெறுமனே ஓட்டி நுனியைப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியாகத் தெரிந்தால் சரி, மங்கலாகச் சின்ன வட்டமாகத் தெரிந்தால் கோணலாக மாட்டியிருக்கிறீர்கள். மூன்று துளை போட்டதும் மறுபடி சாவியை எடுத்து ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள், அதிர்வில் நிச்சயம் தளர்ந்திருக்கும். பிட் வாலில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருந்தால் அது சக்கில் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எஸ்.டி.எஸ்.-ல் சாவியே கிடையாது. வாலைத் துணியால் துடைத்து, பயறு அளவு கிரீஸைக் காடிகளில் தடவிக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளிக்கொண்டே மெதுவாகச் சுழற்றினால் ஓர் இடத்தில் காடி பொருந்தி இன்னும் உள்ளே இறங்கும், டக்கென்று பூட்டிக்கொள்ளும். பிறகு பிட்டைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டர் வந்து நின்றுவிட வேண்டும். கையோடு வந்துவிட்டால் பூட்டவில்லை. சில மெஷின்களில் முன்னால் இருக்கும் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பிட்டை விட வேண்டியிருக்கும். கழற்றுவதும் அதே வளையத்தை இழுத்துத்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், துளை போட்டு முடித்த பிட் கொதிக்கும், வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் தடவாமல் தூசியோடு செருகிக்கொண்டே இருந்தால் வாலும் தேயும், சக்கின் உள்வாயும் தேயும். மெஷினின் ஆயுள் அந்தப் பயறு அளவில் இருக்கிறது என்றே சொல்வேன்.

இனி பிட். நூறு உருப்படி வைத்த பெட்டி ஒன்று டிரில்லோடு சேர்த்து விற்பார்கள், அதை விடுங்கள். அதில் சுவருக்கு வேண்டிய பிட் நாலோ ஐந்தோதான் இருக்கும், அவையும் இரண்டு கான்கிரீட் துளையைத் தாங்காது. அந்தப் பணத்தில் 6 மில்லிமீட்டரில் இரண்டு, 8-ல் ஒன்று, 10-ல் ஒன்று, நல்லதாகத் தனித்தனியாக வாங்குங்கள். வீட்டில் போடும் துளைகளில் பெரும்பாலானவை ஆறும் எட்டும்தான். சுவர் பிட்டின் நுனியில் குறுக்கே பதித்திருக்கும் துண்டு டங்ஸ்டன் கார்பைடு. தண்டு வெறும் எஃகு. துண்டைத் தண்டில் எப்படிப் பற்ற வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் பிட்டின் தரம் இருக்கிறது. கடையில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துண்டு நட்டநடுவில் இருக்க வேண்டும், பற்றவைத்த கோடு இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும், துண்டின் இரு ஓரமும் தண்டைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எஸ்.டி.எஸ். பிட்களில் சிலவற்றின் வாலில் பி.ஜி.எம். என்ற முத்திரை இருக்கும், துளையின் அளவு ஆங்கர், அதாவது சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட், மாட்டப் பொருத்தமாகத் துல்லியமாக இருக்கும் என்று ஜெர்மனியில் சோதித்துக் கொடுக்கும் முத்திரை. கனமான சாமான் தொங்கவிடும் துளைக்கு அதைத் தேடி வாங்கலாம்.

எஸ்.டி.எஸ்.-ல் இன்னொரு தேர்வு, இரண்டு வெட்டு நுனியா நாலு வெட்டு நுனியா என்பது. செங்கல்லுக்கும், கம்பி எப்போதாவது தட்டும் லிண்டலுக்கும் இரண்டு போதும். முழுக் கான்கிரீட் சுவர் என்றால் உள்ளே கம்பி வலையாகவே போகும், இரண்டு வெட்டு பிட் கம்பியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு சட்டென்று நின்றுவிடும், மணிக்கட்டை முறுக்கிவிடும். நாலு வெட்டு அவ்வளவு சுலபமாகக் கவ்வாது, துளையும் வட்டமாக வரும். விலை கூடத்தான், தங்கச்சிக்கு அதைத்தான் வாங்கச் சொன்னேன். மெஷினோடு வரும் பக்கக் கைப்பிடியை மாட்டாமல் அட்டைப்பெட்டியிலேயே போட்டு வைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், பிட் கம்பியில் சிக்கும் அந்த நொடியில் மணிக்கட்டைக் காப்பாற்றுவது அந்தக் கைப்பிடிதான்.

உருண்டை வாலில் மல்டி கன்ஸ்ட்ரக்‌ஷன் பிட் என்று ஒன்று வருகிறது, கார்பைடு நுனியைக் கூராகச் சாணை பிடித்திருப்பார்கள், டைல், செங்கல், மரம், மெல்லிய தகரம் எல்லாவற்றிலும் போகும். வாடகை வீட்டில் இருப்பவர், வருஷத்துக்குப் பத்துத் துளை போடுபவர், 6-லும் 8-லும் இதை ஒவ்வொன்று வாங்கினால் வேறு எதுவும் வேண்டாம். கான்கிரீட்டில் மட்டும் அடித்துவிடாதீர்கள், அந்தக் கூர் சீக்கிரமே போய்விடும்.

நீளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 6 மில்லிமீட்டர் எஸ்.டி.எஸ். பிட் 110 மில்லிமீட்டர் நீளத்தில் வாங்கினால் அதில் 50 மில்லிமீட்டர்தான் சுவருக்குள் போகும், மற்றது வாலும் கழுத்தும். பிளக் அடிக்க அது போதும், குட்டையான பிட் நடுங்காது. ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்டி இன்டர்நெட் ஒயர் கொண்டுபோக வேண்டுமென்றால் 310 நீளத்தில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் பிட் வேண்டும். முதலில் குட்டை பிட்டால் பாதி போட்டுவிட்டு அப்புறம் நீளமானதை விடுங்கள். வெளிப்பக்கம் சற்றுத் தாழும்படி சாய்த்துப் போட்டால் மழைத்தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே வராது.

துளை போடும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது ரிவர்ஸ் பட்டன். ஸ்க்ரூ கழற்ற எப்போதோ தள்ளியது அப்படியே இருக்கும், பிட் இடப்பக்கம் சுற்றும், அடியும் விழும், பொடி மட்டும் வெளியே வராது, இரண்டு நிமிடத்தில் நுனி கருகிவிடும். "மெஷின் போகவே மாட்டேங்குது" என்று எனக்கு வரும் போன்களில் பல இதுதான். அடுத்தது, ஆரம்பத்திலேயே அடியைப் போடாதீர்கள். குறி வைத்த இடத்தில் அடி இல்லாமல் மெதுவாகச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்த பிறகு சுத்தியல் படம் போட்ட பக்கம் ஸ்விட்சைத் தள்ளுங்கள், பிட் வழுக்கிப் பூச்சில் கோடு போடாது. ஆழத்துக்கு பிட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் ராவல் பிளக் 30 மில்லிமீட்டர் நீளம் என்றால் துளை 40 வேண்டும், அடியில் தங்கும் பொடிக்கு அந்தப் பத்து. இன்னொரு கணக்கும் இருக்கிறது: உள்சுவர்ப் பூச்சே 12, 15 மில்லிமீட்டர் இருக்கும், பூச்சுக்கு எந்தப் பிடிப்பும் கிடையாது, 30 மில்லிமீட்டர் பிளக்கில் பாதிதான் செங்கல்லில் இருக்கிறது. அலமாரி, டிவி, ஆர்.ஓ. மெஷின் என்றால் 8 மில்லிமீட்டரில் நீளமான பிளக் போடுங்கள், பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டி உட்காரும்படி ஆழத்தைக் கூட்டுங்கள்.

பத்து நொடிக்கு ஒருமுறை பிட்டைச் சுற்றியபடியே பாதி வெளியே இழுத்து மறுபடி விடுங்கள், பொடி வெளியே வரும். பொடி உள்ளேயே இருந்தால் பிட் அதையே அரைத்துக்கொண்டு சூடாகும். சூடேறிய சுவர் பிட்டைத் தண்ணீரில் முக்கும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். எஃகும் கார்பைடும் ஒரே அளவில் சுருங்காது, பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும், அடுத்த துளையில் துண்டு சுவருக்குள்ளேயே கழன்று நின்றுவிடும். சும்மா கீழே வைத்து ஆற விடுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிட் திடீரென்று நின்று, சத்தம் மாறி, பொடியில் பளபளவென்று இரும்புத்தூள் தெரிந்தால் கம்பி. அதை வெட்டிக்கொண்டு போகப் பார்க்காதீர்கள், பிட்டும் போகும், கட்டடத்துக்கும் நல்லதில்லை. இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். கூரைத் தளத்தில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன் 20 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், பால்கனியில் துணிக்கொடி உருளைக்குத் துளை போடும்போது கம்பி தட்டுவது ரொம்பச் சாதாரணம். ஊஞ்சல் கொக்கி மட்டும் பிளாஸ்டிக் பிளக்கில் மாட்டக் கூடாது, அதை விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள், மேலே குழந்தை உட்காரப்போகிறது.

அடியே கூடாத இடங்கள் மூன்று உண்டு. ஏ.ஏ.சி. பிளாக்கில் அடி போட்டால் துளை கிண்ணமாகிவிடும், வெறும் சுற்றிலேயே போகும், அதற்கென்று வரும் பிளக்கைப் போடுங்கள். ஹாலோ பிளாக்கில் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பை அடி உடைத்துவிடும், பிறகு ஸ்க்ரூவுக்குப் பிடிக்க எதுவுமே இருக்காது. மூன்றாவது டைல். பாத்ரூம் சுவரின் செராமிக் டைல் என்றால் ஈட்டி நுனி வைத்த டைல் பிட், குறைந்த வேகம், அடி கிடையாது, வழுக்காமல் இருக்க மாஸ்கிங் டேப். டைலைத் தாண்டியதும் நிறுத்தி, சுவர் பிட்டுக்கு மாற்றி, அதற்குப் பிறகு அடி. டைல் பிட்டால் சுவரையும் சேர்த்துத் துளைத்தால் பிட் வீண், சுவர் பிட்டால் அடித்து டைலை ஆரம்பித்தால் டைல் வீண். விட்ரிஃபைடு டைலுக்கு ஈட்டி நுனி பற்றாது, வைரத்தூள் பதித்த பிட்டை ஈரத்துணி வைத்துத் தண்ணீர் காட்டிக்கொண்டே மெதுவாக ஓட்ட வேண்டும்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், குழாய்க்கு நேர் மேலேயும் துளை போடாதீர்கள், பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். சந்தேகமாக இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். கான்கிரீட் பொடியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் போய்த் தங்கிவிடும், கைக்குட்டை அதைத் தடுக்காது. கூரையில் துளை போடும்போது பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் செருகிக்கொண்டால் பொடி முகத்தில் கொட்டாது.

தங்கச்சி வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகை ரோட்டரியோடு போனேன். 6 மில்லிமீட்டர் நாலு வெட்டு பிட். எட்டுத் துளை, ஒவ்வொன்றும் அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒன்றில் மட்டும் கம்பி தட்டியது, கிளாம்பை இரண்டு அங்குலம் நகர்த்தினோம். மாப்பிள்ளை கடைசி இரண்டு துளையை அவரே போட்டார், முதலில் பழக்கதோஷத்தில் தோளை வைத்து அழுத்தினார், "விடுங்க மாப்பிள்ளை, அதுவே போகும்" என்றதும் கையைத் தளர்த்தினார், பிட் சரசரவென்று இறங்கியது. இன்னும் மூன்று அறைக்குத் திரை, டிவி, பூஜை அலமாரி, சமையலறைத் தட்டு எல்லாம் பாக்கி இருந்ததால் சாயந்திரமே போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார்கள். பழைய ஹாமர் டிரில்லை விற்கவில்லை, அலமாரியின் மரப்பலகையைத் துளைக்க அதுதான் வசதி. முதல் நாள் கருகின அந்தக் கறுப்பு வளையத்தின்மேல் சுவருக்குப் பூசும் பட்டி தடவித் தேய்த்தாயிற்று, பெயிண்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.